ஜீவனாம்ச பாக்கி கழுத்தை நெரிக்குதா? ஜெயிலுக்கு போனாலும் கணக்கு தீராது! குழந்தை பணத்தை கட்ட என்னென்ன வழி?

சேலம்,

குடும்பநல கோர்ட்டு வராண்டாவில் காலை 10 மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஒரு ஓரத்தில் அம்மாவும், பள்ளிக்கூட சீருடையில் குழந்தையும். இன்னொரு ஓரத்தில் தலையை குனிந்தபடி அப்பா. நடுவில் பைல் கட்டோடு வக்கீல்கள். விவாகரத்து முடிந்து வருஷக்கணக்கு ஆகியிருக்கும். ஆனாலும் வாய்தா முடிந்தபாடில்லை. காரணம், ஜீவனாம்ச பாக்கி.

"மாசாமாசம் கட்டச் சொன்னாங்க. ரெண்டு மாசம் விட்டுப்போச்சு. அப்புறம் நாலாச்சு, பத்தாச்சு. இப்போ மொத்தமா கட்டச் சொன்னா எங்கே போறது?" என்பதுதான் பல அப்பாக்களின் புலம்பல். இதில் சிலர் பயந்துபோய் செல்போனை அணைத்துவிட்டு வெளியூர் ஓடிவிடுகிறார்கள். சிலர், "ஒரு மாசம் ஜெயில்ல இருந்துட்டு வந்தா கடன் கழிஞ்சுரும்" என்று யாரோ டீக்கடையில் சொன்னதை நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு.

பாக்கியை ஒழுங்காக கட்டி முடிக்க சட்டத்திலேயே வழி இருக்கிறது. அது பலருக்கு தெரிவதில்லை. இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம்

புரிவதற்காக ஒரு உதாரணம். சங்ககிரியை சேர்ந்த ஒரு லாரி டிரைவர் என்று வைத்துக்கொள்வோம். விவாகரத்து ஆகிவிட்டது. மனைவி அம்மாபேட்டையில் தாய் வீட்டில் இருந்துகொண்டு கொலுசு பட்டறை வேலைக்கு போகிறார். மகள் 7-ம் வகுப்பு படிக்கிறாள். மகளுக்கு மாதம் ரூ.5 ஆயிரம், பிரதி ஆங்கில மாதம் 5-ந் தேதிக்குள் கட்டவேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு.

டிரைவர் முதலில் ஒழுங்காக கட்டினார். பிறகு லோடு சரியில்லை, உடம்பு சரியில்லை என்று 16 மாதம் விட்டுப்போனது. ஆக பாக்கி ரூ.80 ஆயிரம். இனி இந்த டிரைவரையே வைத்து ஒவ்வொன்றாக பார்ப்போம்.

முதலில் எந்த உத்தரவு என்று பாருங்கள்

ஜீவனாம்சம் ஒரே சட்டத்தில் வருவதில்லை. நம்ம ஊர் கோர்ட்டுகளில் 'எம்.சி. கேஸ்' என்று சொல்வார்களே, அது முன்பு குற்றவியல் நடைமுறை சட்டம் 125-வது பிரிவில் வந்தது. 1-7-2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் அமலுக்கு வந்ததால், இப்போது அது 144-வது பிரிவு. எந்த மதத்தை சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

இது தவிர இந்து திருமண சட்டத்தின் கீழ் விவாகரத்து வழக்கிலேயே குழந்தைக்கு பணம் கட்ட உத்தரவு ஆகியிருக்கலாம். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்திலும் உத்தரவு வாங்கியிருக்கலாம்.

எம்.சி. உத்தரவு என்றால் பாக்கிக்கு வாரண்டு வரும். விவாகரத்து வழக்கில் ஆன உத்தரவு என்றால் சிவில் வழக்கு மாதிரி நிறைவேற்று மனு போட்டு சம்பளத்தையோ, சொத்தையோ ஜப்தி செய்வார்கள். ஆகவே உத்தரவு நகலை கையில் எடுத்து, எந்த சட்டம், மாதம் எவ்வளவு, எந்த தேதியில் இருந்து, யார் பெயரில் கட்டவேண்டும் என்ற நாலு விஷயத்தையும் முதலில் படித்துவிடுங்கள். நகல் இல்லை என்றால் கோர்ட்டில் நகல் மனு போட்டு வாங்கலாம்.

இரண்டு கோர்ட்டில் இரண்டு உத்தரவு இருக்கிறதா? அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றில் கட்டியதை இன்னொன்றில் கழித்துக்கொள்ள கோர்ட்டை கேட்கலாம் என்று 2020-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு வழிகாட்டி உள்ளது.

முதல் நாளே பாக்கி எப்படி வந்தது?

"தீர்ப்பு நேத்துதான் வந்துச்சு. அதுக்குள்ள ஒரு லட்சம் பாக்கின்னு சொல்றாங்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கும் காரணம் இருக்கிறது.

4-11-2020 அன்று சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி, ஜீவனாம்சத்தை மனு தாக்கல் செய்த தேதியில் இருந்தே கணக்கிடவேண்டும். வழக்கு 2 வருஷம் நடந்தால், அந்த 2 வருஷத்து பணமும் தீர்ப்பு நாளில் பாக்கியாக வந்து நிற்கும். இடைக்காலமாக ஏதாவது கட்டியிருந்தால் அது கழியும். வாய்தா வாங்கி இழுத்தடித்தால் லாபம் என்று நினைப்பவர்கள் இதை கவனிக்க வேண்டும். இழுக்க இழுக்க பாக்கிதான் ஏறும்.

கட்டாவிட்டால் என்ன நடக்கும்?

நம்ம டிரைவர் 16 மாதம் கட்டவில்லை. அவர் மனைவி கோர்ட்டில் மனு போடுகிறார். முதலில் நோட்டீஸ் வரும். வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் வழக்கு நிற்காது.

போதிய காரணம் இல்லாமல் கட்டவில்லை என்று தெரிந்தால், அபராதம் வசூலிப்பது போல வசூல் செய்ய கோர்ட்டு வாரண்டு போடலாம். அதில் வண்டி, வீட்டு சாமான் போன்றவற்றை ஜப்தி செய்ய முடியும். கலெக்டர் மூலமாக நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

அப்படியும் தீராவிட்டால் ஜெயில். பாக்கி விழுந்த மாதத்துக்காக ஒரு மாதம் வரை, அல்லது பணத்தை கட்டும் வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரை உள்ளே வைக்கலாம்.

மாத சம்பளக்காரர் என்றால் நிலைமை வேறு. சிவில் முறையில் ஜப்தி வரும்போது சம்பளத்தில் 3-ல் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. மீதி 2 பங்கு வரை பிடிக்க வழி இருக்கிறது. ஆபீசுக்கே உத்தரவு போய்விடும். மேனேஜர் முதல் பியூன் வரை விஷயம் தெரிந்துவிடும்.

ஜெயிலுக்கு போனால் தீருமா?

தீராது. இதுதான் முக்கியமான விஷயம்.

1988-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு இதை தெளிவாக்கி விட்டது. ஜெயிலில் போடுவது பணத்தை கட்ட வைப்பதற்கான ஒரு வழி மட்டுமே. ஜெயிலில் இருந்ததால் பணம் கட்டியதாக ஆகாது. பாக்கியை பணமாக கொடுத்தால் மட்டுமே கணக்கு முடியும்.

ஆக, நம்ம டிரைவர் ஒரு மாதம் சேலம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வந்தாலும் ரூ.80 ஆயிரம் அப்படியே நிற்கும். உள்ளே இருந்த மாதத்துக்கு இன்னொரு ரூ.5 ஆயிரம் சேர்ந்து ரூ.85 ஆயிரம் ஆகியிருக்கும். லாரி ஓட்டாததால் அந்த மாத வருமானமும் போச்சு. யாருக்கு லாபம்?

"ஒரு வருஷம் தாண்டுனா செல்லாது" - உண்மையா?

இதுவும் பாதி உண்மைதான். பணம் கட்டவேண்டிய தேதியில் இருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால்தான் எம்.சி. கேசில் வாரண்டு வாங்க முடியும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதன்படி பார்த்தால் டிரைவரின் 16 மாத பாக்கியில் கடைசி 12 மாத பாக்கியான ரூ.60 ஆயிரத்துக்கு வாரண்டு போட முடியும்.

அப்போ மீதி 4 மாத பணம் ரூ.20 ஆயிரம் போயே போச்சா? இல்லை. 2013-ம் ஆண்டு தமிழகத்தில் இருந்து சென்ற ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விளக்கம் கொடுத்தது. ஒரு வருஷ கெடு என்பது வாரண்டு, ஜெயில் என்ற அந்த முறைக்கு மட்டும்தான். பணம் கேட்கும் உரிமை அதனால் செத்துப்போகாது. சிவில் வழக்கு மூலம் கேட்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

இனி கட்டும் வழிகள்...

1. பேங்க் கணக்கில் நேரடியாக போடுவது: இதுதான் எளிது. மனைவியின் கணக்கு நம்பரை வக்கீல் மூலமாகவோ, கோர்ட்டு மூலமாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். போடும்போது 'மகள் ஜீவனாம்சம், ஜனவரி மாதம்' என்று குறிப்பு எழுதுங்கள். செல்போனில் பணம் அனுப்பினாலும் இந்த குறிப்பை மறக்காதீர்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பவேண்டாம். பேங்கில் சீல் வைத்த ஸ்டேட்மெண்ட் வாங்கி பைலில் வையுங்கள். குறிப்பு இல்லாமல் போட்ட பணத்தை, 'அது வேற கணக்கு' என்று எதிர்தரப்பு சொன்னால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டி வரும்.

2. டி.டி. எடுத்து கொடுப்பது: பெரிய தொகை என்றால் மனைவி பெயருக்கு டி.டி. எடுத்து, வாய்தா அன்று கோர்ட்டில் மெமோவுடன் கொடுக்கலாம். டி.டி. நம்பர், தேதி எல்லாம் வழக்கு கட்டில் பதிவாகிவிடும். ஜெராக்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும்.

3. கோர்ட்டிலேயே ரொக்கமாக கொடுப்பது: நீதிபதி முன்னிலையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக மனைவியிடம் கையெழுத்து வாங்கலாம். அது வழக்கு கட்டில் ஏறவேண்டும். வராண்டாவில் கொடுத்தேன், பஸ் ஸ்டாண்டில் கொடுத்தேன், மச்சான் கையில் கொடுத்துவிட்டேன் என்பதெல்லாம் கணக்கில் ஏறாது.

4. கோர்ட்டில் டெபாசிட் செய்வது: மனைவி பணம் வாங்க மறுக்கிறார், அல்லது எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்றால் அனுமதி வாங்கி கோர்ட்டில் டெபாசிட் செய்யலாம். பிறகு அவர் மனு போட்டு எடுத்துக்கொள்வார். 'வாங்க மாட்டேங்கறா, நான் என்ன பண்ண?' என்று சும்மா இருந்தால் பாக்கி உங்கள் பெயரில்தான் நிற்கும்.

5. தவணை கேட்பது: மொத்தமாக கட்ட முடியாதவர்களுக்கு இதுதான் வழி. நோட்டீஸ் வந்ததும் கோர்ட்டில் ஆஜராகி, ஒரு பகுதியை உடனே கட்டிவிட்டு மீதிக்கு தவணை கேட்டு மனு போடலாம். தவணை கொடுப்பது கோர்ட்டின் விருப்பம். ஆனால் வெறுங்கையோடு வருபவரையும், பாதி பணத்தோடு வருபவரையும் யாரும் ஒரே மாதிரி பார்க்கமாட்டார்கள்.

நம்ம டிரைவர் நகையை அடகு வைத்து ரூ.30 ஆயிரம் முதலில் கட்டுகிறார் என்று வையுங்கள். மீதி ரூ.50 ஆயிரத்தை மாதம் ரூ.5 ஆயிரம் வீதம் 10 தவணை கேட்கிறார். அதோடு நடப்பு மாத ரூ.5 ஆயிரமும் உண்டு. ஆக 10 மாதத்துக்கு மாதம் ரூ.10 ஆயிரம் எடுத்து வைக்கவேண்டும். முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்கு போட்டுவிட்டு கோர்ட்டில் சொல்லவேண்டும். பயத்தில் 'ரெண்டே மாசத்துல முடிச்சிடறேன்' என்று சொல்லிவிட்டு தவறினால் அடுத்த தடவை பேச வாய் இருக்காது.

6. மக்கள் நீதிமன்றம்: லோக் அதாலத் என்று சொல்வார்களே, அதில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து பேசி முடிப்பார்கள். பாக்கி எவ்வளவு, எத்தனை தவணை, எந்த தேதி என்று எழுதி கையெழுத்து ஆகிவிட்டால் அது கோர்ட்டு தீர்ப்பு மாதிரி. மேல்முறையீடு கிடையாது. இதற்கு கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

வாரண்டு போட்டாச்சா?

பிடிவாரண்டு வந்துவிட்டது என்றதும் ஓடி ஒளியவேண்டாம். வக்கீலை வைத்து வாரண்டை திரும்பப்பெற மனு போட்டு, கையில் முடிந்த பணத்தோடு நீங்களே ஆஜராகலாம். ரசீது இல்லாமல் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்கு தெரியாமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு ஆகியிருந்தால், தகுந்த காரணம் காட்டி அதை ரத்து செய்ய கேட்கலாம். இதற்கு உத்தரவு தேதியில் இருந்து 3 மாதம்தான் கெடு.

வருமானமே குறைஞ்சுபோச்சுன்னா?

விபத்தில் கால் போனது, கம்பெனியை மூடிவிட்டார்கள், பெரிய நோய் வந்துவிட்டது... இப்படி நிலைமை உண்மையிலேயே மாறியிருந்தால் தொகையை குறைக்க கேட்டு புதிய சட்டம் 146-வது பிரிவில் மனு போடலாம். ஆஸ்பத்திரி சீட்டு, வேலை போன கடிதம் எல்லாம் வேண்டும்.

ஆனால் ஒன்று. பொதுவாக இது இனி வரப்போகும் மாதங்களுக்குத்தான். ஏற்கனவே விழுந்த பாக்கி இதனால் கரைந்துவிடாது. வருமானம் குறைந்த மாதமே மனு போட்டிருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும். 16 மாதம் கழித்து வந்து சொன்னால், 'இத்தனை நாள் ஏன் சொல்லலை?' என்றுதான் கேள்வி வரும்.

'எனக்கு வேலையே இல்லை' என்ற பதிலும் எடுபடாது. உடம்பில் தெம்பு உள்ள கணவன் உடல் உழைப்பு செய்தாவது மனைவியையும், மைனர் குழந்தையையும் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியுள்ளது. வண்டி டியூ கட்டுறேன், லோன் கட்டுறேன் என்ற கணக்கும் குழந்தையின் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

சொத்து, வருமான விவரத்தை இரண்டு தரப்பும் பிரமாண பத்திரமாக தாக்கல் செய்யவேண்டும் என்பது 2020-ம் ஆண்டு தீர்ப்பில் இருந்து கட்டாயம் ஆகிவிட்டது. அதில் பொய் சொன்னால் தனி வழக்கு வரும்.

இதெல்லாம் காரணம் ஆகாது

குழந்தையை பார்க்க விடமாட்டேங்கறாங்க என்று பணத்தை நிறுத்துபவர்கள் அதிகம். மனசு வலிக்கும்தான். ஆனால் பார்ப்பதற்கு தனி மனு இருக்கிறது. அதை போடவேண்டும். பணத்தை நிறுத்தினால் வயிறு காய்வது குழந்தைக்குத்தான்.

மனைவி வேலைக்கு போகிறார், மறுமணம் செய்துகொண்டார் என்பதும் குழந்தையின் பணத்தை நிறுத்த காரணம் ஆகாது. மறுமணம் ஆனால் மனைவிக்கான ஜீவனாம்சம் நிற்கலாம். அப்பா என்ற உறவு நிற்காது.

ஸ்கூல் பீசை நானே கட்டிட்டேன், அதை கழிச்சுக்கோங்க என்றால்? உத்தரவில் அப்படி இல்லை என்றால் தானாக கழியாது. மனைவி சம்மதித்து கோர்ட்டில் பதிவு செய்தால் கழியும். தீபாவளிக்கு துணி எடுத்து கொடுத்தது, பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கி கொடுத்தது எல்லாம் அப்பாவின் பாசம். அது ஜீவனாம்ச கணக்கில் வராது.

பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால் பழைய பாக்கி ஒழிந்தது என்றும் நினைக்கவேண்டாம். 18-க்கு முன்பு விழுந்த பாக்கி, பாக்கிதான். இந்து குடும்பம் என்றால், சொந்தமாக வருமானம் இல்லாத திருமணமாகாத மகளுக்கு 18-க்கு பிறகும் தனி சட்டத்தில் உரிமை உண்டு.

கந்துவட்டி வேண்டாம்

வாரண்டு பயத்தில் சிலர் மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று வாங்கி கட்டிவிடுகிறார்கள். ஜீவனாம்ச கடன் போய் வட்டிக்கடன் வந்து, அடுத்த மாதமே மறுபடி பாக்கி. தமிழகத்தில் கந்துவட்டி தடை சட்டம் 2003-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கோர்ட்டில் தவணை கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அங்கே வட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து கத்தமாட்டான்.

தாய்மார்கள் கவனத்துக்கு...

பாக்கி விழுந்தால் 'பார்த்துக்கலாம்' என்று வருஷக்கணக்கில் விடாதீர்கள். ஒரு வருஷத்துக்குள் மனு போடுங்கள். எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பணம் வந்ததை வரவில்லை என்று சொல்லவேண்டாம். பேங்க் ஸ்டேட்மெண்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

வக்கீலுக்கு கொடுக்க பணம் இல்லையா? பெண்களுக்கும், குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் குறைந்த ஆண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் கூட உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். அல்லது 15100 என்ற நம்பருக்கு போன் செய்யலாம்.

கடைசியாக ஒன்று...

விவாகரத்து புருஷன், பொண்டாட்டிக்குத்தான். பிள்ளைக்கு இல்லை. நம்ம டிரைவரின் மகள் ஜூன் மாதம் 8-ம் வகுப்புக்கு போவாள். அவளுக்கு நோட்டு, செருப்பு, பஸ் காசு எல்லாம் வேண்டும். 16 மாத பாக்கி என்பது கோர்ட்டு பைலில் ரூ.80 ஆயிரம். அந்த வீட்டில் அது 16 மாதம் அம்மா யாரிடமோ கைமாற்று வாங்கி ஓட்டிய பிழைப்பு.

ஆகவே பாக்கி வைத்திருப்பவர்கள் அடுத்த வாய்தாவுக்கு காத்திருக்க வேண்டாம். முடிந்ததை இன்றைக்கே பேங்கில் போட்டு ரசீதை பைலில் வையுங்கள். மீதிக்கு கோர்ட்டில் போய் தவணை கேளுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டினால் ஆயிரம் ரூபாய் பாக்கி குறையும். ஓடி ஒளிந்தால் ஒரு பைசாவும் குறையாது.